உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன மண்? வட சென்னைக்காரர்களுக்கு ஒரு நிலநடுக்கக் கணக்கு

"சென்னை ஜோன் 3தானே, நமக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது, எத்தனை அடிக்கு இருக்கிறது? தண்டையார்பேட்டையில் இருந்து எண்ணூர் வரை யாரைக் கேட்டாலும் போர் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா, எந்த வருஷத்தில் இருந்து மஞ்சளாக வருகிறது என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். அந்தக் குழாய் எந்தெந்த மண்ணைத் தாண்டிக் கீழே போகிறது என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள்.

கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான ஐஎஸ் 1893 என்ற இந்திய விதிநூலை 2002-ல் திருத்தியபோதுதான் சென்னை நிலநடுக்க மண்டலம், அதாவது ஜோன், 2-லிருந்து 3-க்கு ஏறியது. எண் கூடினால் ஆபத்தும் கூடுதல் என்று அர்த்தம். அந்த எண் ஊர் முழுவதற்கும் ஒன்று. பரங்கிமலைப் பாறை மேல் நிற்கும் வீட்டுக்கும் எண்ணூர் கழிமுகத்துச் சேற்றை மூடி அதன் மேல் கட்டிய வீட்டுக்கும் அதே 3தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி ஆடாது. உங்கள் வீடு எப்படி ஆடும் என்பதை ஓரளவுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடக் கணக்கும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

மண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை

நிலநடுக்கத்தில் கட்டடத்தைப் பக்கவாட்டில் உலுக்குவது குறுக்கலை. அது கெட்டிப் பாறையில் நொடிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்று ஓடிவரும். இளகிய களிமண்ணுக்குள் நுழைந்ததும் நொடிக்கு 150 மீட்டர் என்று தவழ ஆரம்பித்துவிடும். வேகம் போனாலும் கொண்டுவந்த ஆற்றல் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது, அது வீச்சாக மாறும், அதாவது பாறையில் சின்னதாக இருந்த ஆட்டம் மேலே வர வரப் பெரிதாகும். அதோடு முடியவில்லை. மேலே தரைமட்டத்தில் மோதித் திரும்பும் அலை, கீழே பாறையில் மோதி மறுபடி மேலே வரும், இடையில் இருக்கும் மண் அந்த அலையைச் சுலபத்தில் வெளியே விடாது. இப்படிப் போய் வந்துகொண்டிருக்கும்போது அந்த மண்ணுக்கென்று ஒரு தாளம் அமைந்துவிடுகிறது. மண் எவ்வளவு ஆழமோ, எவ்வளவு இளக்கமோ, அவ்வளவுக்கு அந்தத் தாளம் மெதுவாக இருக்கும்.

கட்டடத்துக்கும் ஒரு தாளம் உண்டு. ஒரு மாடி வீடு படபடவென்று ஆடும், பத்து மாடி ஆடி அசைந்து ஆடும். லாரித் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து இடுப்பில் வைத்து நடந்தவர்களுக்குத் தெரியும், மெதுவாக நடந்தால் தளும்பாது, ஆனால் ஏதோ ஒரு நடைவேகம் வரும்போது மட்டும் தண்ணீர் குதித்து வந்து புடவையை நனைத்துவிடும். மண்ணின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றாக அமைந்தால் நடப்பது அதுதான்.

இதற்கு உலகம் பார்த்த பெரிய உதாரணம் மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19 அன்று வந்த 8.0 அளவு நிலநடுக்கத்தின் மையம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பசிபிக் கரையில் இருந்தது. நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகைக் களியின் மேல் கட்டப்பட்டது. கெட்டித் தரையில் இருந்த பல்கலைக்கழக வளாகத்துக் கருவி பதிந்ததைப் போல ஐந்து மடங்கு அதிர்ச்சியை ஏரிப்படுகையில் இருந்த கருவி பதிந்தது. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் களியின் தாளம், அதாவது ஒரு முறை ஆடி முடிக்கும் நேரம், சுமார் 2 நொடி, அடி வாங்கியவை பெரும்பாலும் 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள். அதே மண்ணில் நின்ற ஒன்று, இரண்டு மாடி வீடுகளில் பல தப்பித்தன, 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் தப்பித்தது. நம் நாட்டிலும் 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. சபர்மதி கொண்டுவந்து கொட்டிய ஆழமான வண்டல் ஒரு பக்கம், கீழே சுவரே இல்லாமல் தூண்களில் நின்ற கார் நிறுத்தும் தளம் இன்னொரு பக்கம்.

ஆகவே "இளகிய மண் என்றால் ஆபத்து, கெட்டி மண் என்றால் பத்திரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த மண், எத்தனை ஆழம், அதன் மேல் எத்தனை மாடி என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நிலத்தின் பழைய கதையைக் கேளுங்கள்

தெற்கே கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை மேலேயே தலைகாட்டும். வடக்கே அப்படி இல்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் முழுக்கக் கடல் போட்ட மணல். அதற்குப் பின்னால் கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் போட்ட களியும் வண்டலும். இடையிடையே ஏரி, குளம், ஓடை, அதையெல்லாம் தூர்த்துக் கொட்டிய மண். ஒரே தெருவில் இந்தக் கோடியில் மணலும் அந்தக் கோடியில் களியும் இருப்பது இங்கே சாதாரணம்.

பத்திரத்தை எடுங்கள். நகர நில அளவைப் பதிவேடு, கிராமமாக இருந்த இடமென்றால் அ-பதிவேடு, இரண்டிலும் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். திருவொற்றியூர், மாதவரம், மணலி எல்லாம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தவை, அதனால் பழைய கிராமக் கணக்குகளில் தேடுவது நல்லது. பக்கத்து சர்வே எண்ணில் ஏரி, குட்டை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் மனைக்கு அடியிலும் அதே படுகை நீண்டிருக்கலாம். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வியாசர்பாடியில் ஏரி எங்கே இருந்தது, ஓட்டேரி நல்லா என்ற ஓடை எப்படி வளைந்தது என்று இன்றைய வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் நிலவியல், நில அமைப்பு வரைபடங்கள் இலவசம். பழைய கடற்கரை மேடு, கழிமுகச் சமவெளி என்று வண்ணம் பிரித்துக் காட்டியிருப்பார்கள். ஒரே படத்தில் பெரிய பரப்பு அடங்குவதால் உங்கள் தெரு தெரியாது, ஆனால் எந்தக் குடும்பத்து மண் என்பது தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் இளகிய மண் என்று முடிவுகட்ட வேண்டாம். வடிகால் சரியில்லாவிட்டால் பாறை மேலும் தண்ணீர் நிற்கும். அதே போல் கன்டெய்னர் லாரி போகும்போது வீடு அதிர்கிறதே, அப்படியென்றால் நிலநடுக்கத்திலும் நம் வீடுதான் முதலில் போகும் என்று பயப்படுபவர்கள் எங்கள் பக்கம் நிறைய. லாரி அதிர்வு நொடிக்குப் பத்துத் தடவை, அதற்கும் மேல் துடிக்கும் சங்கதி, பாதிக்கு மேல் ரோட்டுப் பள்ளத்தின் கைங்கரியம். ஐந்து மாடியை ஆட்டிப் பார்க்கும் தாளம் அதைவிட ரொம்ப மெதுவானது. அதை இதற்கு அளவுகோலாக வைக்க முடியாது.

கொட்டிய மண் தனிக் கேஸ். சவுடு, கட்டட இடிபாடு, கொடுங்கையூர் பக்கத்தில் குப்பை கூட, எதைக் கொட்டி மேடாக்கினார்கள் என்பது அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். ரோலர் ஓட்டி அடுக்கடுக்காக இறுக்கியதா, லாரியில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

போர் போட்டவரைப் பிடியுங்கள்

காசு செலவில்லாமல் கிடைக்கும் நல்ல தகவல் இவரிடம்தான் இருக்கிறது, ஆனால் யாரும் போய்க் கேட்பதில்லை. உங்கள் தெருவில் வழக்கமாகப் போர் போடுபவர் பல வீடுகளின் அடியைப் பார்த்திருப்பார். "அண்ணே, எத்தனை அடியில மணல் நின்னு களி வந்துச்சு? களி கருப்பா, சாம்பலா? தண்ணி எத்தனாவது அடி? பாறை தட்டுச்சா?" என்று கேட்டு அடிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 100 அடி என்றால் 30.5 மீட்டர்.

ரிக் வண்டி வைத்துப் பாறையில் போட்ட போராக இருந்தால் பழைய பில்லைத் தேடுங்கள். கேசிங் பைப் எத்தனை அடி என்று அதில் இருக்கும். மேல்மண் சரியாமல் இருக்கத்தான் கேசிங், பாறை தட்டியதும் நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்த அடிக்கணக்கை மண்ணின் ஆழம் என்றே எடுத்துக்கொள்ளலாம். கைபோர் போட்டு அடி வரை பைப் இறக்கியிருந்தால் அந்த ஆழம் வரைக்கும் பாறை இல்லை என்று அர்த்தம். கடலோரத் தெருக்களில் இதுதான் வழக்கம்.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது

எங்காவது அஸ்திவாரம் தோண்டினாலோ போர் போட்டாலோ ஒரு பிடி மண் வாங்கி வாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும், களி மறுநாள் காலையிலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. எலுமிச்சை அளவு ஈர மண்ணை உள்ளங்கையில் தட்டையாக வைத்து, மறு கையால் பக்கவாட்டில் தட்டுங்கள். களியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. நுண்மணலோ வண்டலோ என்றால் நாலு தட்டில் மேற்பரப்பில் தண்ணீர் ஊறி வந்து பளபளக்கும், மண் கூழாகித் தட்டையாகும். கையை மூடி அழுத்தினால் பளபளப்பு மறைந்து மறுபடி கெட்டியாகும். அந்தப் பளபளப்பு வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மண் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது

புதிதாகக் கட்டுபவர்கள் இதை எடுத்தே ஆக வேண்டும். சின்ன மனைக்கு நடுவில் ஒரு துளை போதும், ஒரு ஏக்கர் அளவுக்கு மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றும் என்பது மண் ஆய்வுக்கான விதிநூல் ஐஎஸ் 1892 சொல்லும் கணக்கு. ஆழத்தில்தான் கஞ்சத்தனம் வரும். அஸ்திவாரம் தாங்குமா என்று மட்டும் பார்ப்பவர் 10 மீட்டரில் நிறுத்திவிடுவார். நிலநடுக்கத்துக்காகப் பார்க்கிறோம் என்று சொல்லி, கெட்டி அடுக்கு தட்டும் வரை, இல்லாவிட்டால் 30 மீட்டர் வரை போகச் சொல்லுங்கள்.

துளை போடும் அன்று பக்கத்தில் நிற்பது நல்லது. முக்காலி கட்டி, கயிற்றில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் தூக்கி விடுவார்கள். கம்பியில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று சாக்பீஸ் கோடு இருக்கும். முதல் 15-க்கு விழுந்த அடிகளை விட்டுவிட்டு, அடுத்த இரண்டு பகுதிக்கும் எத்தனை அடி விழுந்தது என்று கூட்டினால் வருவது என்-மதிப்பு. இதைத்தான் அறிக்கையில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்கிற மாதிரி எழுதித் தருவார்கள். சுத்தியலை முழு உயரம் தூக்காமல் அரைகுறையாகப் போட்டால் அடிகளின் எண்ணிக்கை கூடி மண் கெட்டியானது போல் காட்டும், சாயங்காலம் ஆக ஆகத் தூக்கும் உயரம் குறையும், அதைக் கவனியுங்கள். குழாயைப் பிளந்து திறக்கும்போது எட்டிப் பாருங்கள். கருஞ்சாம்பல் களி, நடுநடுவே உடைந்த சிப்பி, அழுகிய முட்டை வாடை என்றால் அது கடலும் கழியும் போட்ட களி. அந்தச் சமயத்தில் சுத்தியல் இரண்டு மூன்று தட்டிலேயே 30 சென்டிமீட்டர் இறங்கிவிடும்.

என்-மதிப்பு 10-க்குக் கீழ் என்றால் இளகியது, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கெட்டி. மோட்டாவான பிரிவுதான், ஆனாலும் பேசுவதற்குச் சௌகரியம்.

இனி கணக்கு

ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் சென்னையில் பல இடங்களில் அலை வேகத்தை அளந்து, என்-மதிப்போடு பொருத்தி ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள்: வேகம் = 95.64 × என்-மதிப்பின் 0.301 அடுக்கு. கால்குலேட்டரில் அடுக்குக்குறி பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். பொத்தான் இல்லாதவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், என்-மதிப்பு 1 என்றால் நொடிக்கு 95 மீட்டர் சொச்சம், 10 என்றால் 190 சொச்சம். பத்து மடங்குக்கு இரண்டு மடங்குதான்.

உதாரணத்துக்கு ஒரு மனை எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் வைத்தவை. மேலே 2 மீட்டர் கொட்டிய மண், என்-மதிப்பு 4. அடுத்து 6 மீட்டர் தளர்ந்த மணல், மதிப்பு 8. அதற்கடியில் 8 மீட்டர் களி, மதிப்பு 3. பிறகு 4 மீட்டர் இறுகிய மணல், மதிப்பு 25. அதோடு 20 மீட்டர், கீழே சுத்தியல் இறங்காத கெட்டி.

சூத்திரத்தில் போட்டால் வேகம் முறையே 145, 179, 133, 252. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் வேகத்தால் வகுங்கள், அலை அதைக் கடக்கும் நேரம் வரும்: 0.014, 0.034, 0.060, 0.016 நொடி. கூட்டினால் 0.124. இதை நாலால் பெருக்கினால் மண்ணின் தாளம், கிட்டத்தட்ட அரை நொடி. ஏன் நாலு? அலை கீழிருந்து மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போய்க் கீழே வந்தால்தான் ஒரு முழுச் சுற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 20 மீட்டரில் களி 8 மீட்டர்தான், ஆனால் மொத்த நேரத்தில் பாதியை அதுவே தின்றுவிட்டது. அறிக்கையில் எல்லாரும் மேல்மண்ணையும் அஸ்திவார மட்டத்தையும்தான் பார்ப்பார்கள், ஆட்டத்தை முடிவு செய்வது நடுவில் ஒளிந்திருக்கும் இந்த அடுக்கு. பத்து மீட்டரில் துளையை நிறுத்தியிருந்தால் களியின் மேல்பக்கம் இரண்டு மீட்டரைத் தொட்டதோடு போயிருக்கும்.

இப்போது கட்டடம். அவசரக் கணக்கு: மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் நொடி. தரைத்தளத்தோடு ஐந்து தளம் என்றால் அரை நொடி. விதிநூல் முறையில் பார்த்தால், சுவர் அடைத்த கட்டடத்துக்கு 0.09 × உயரம் ÷ அகலத்தின் வர்க்கமூலம். அதே ஐந்து தளம் 15 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம் என்றால் 0.43 நொடி. சுவரைக் கணக்கில் எடுக்காத வெறும் காங்கிரீட் சட்டகத்துக்கு 0.57. நம் மண் 0.5. அதாவது இந்த மனையில் ஐந்து தளம் கட்டுவது மண்ணின் தாளத்துக்குச் சரியாகப் பாட்டுப் போடுவது மாதிரி ஆகிவிடும். இரண்டு தளம் கட்டினால் 0.2, தள்ளி நிற்கும்.

இதே கணக்கை வேறு மண்ணுக்குப் போட்டால் தலைகீழாகும். பாறைக்கு மேல் 5 மீட்டர் மட்டும் இளகிய மண், வேகம் 150 என்றால் தாளம் 0.13 நொடி. அங்கே ஐந்து தளக்காரர் நிம்மதியாக இருக்கலாம், ஓடு வேய்ந்த ஒற்றைத் தளத்துக்காரர்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பலமாக ஆட்டினால் மண் இளகும், இளகினால் தாளம் மெதுவாகும், அதனால் 0.5 என்பதை 0.4 முதல் 0.7 வரை என்று தாராளமாகப் பிடியுங்கள். இரண்டு, விதிநூல் இந்தப் பொருத்தத்தைத் தனியாகக் காட்டாது. உயரமான கட்டடங்களுக்கு அது மண்ணைப் பிரித்துக் காட்டுகிறது, ஒரு நொடித் தாளத்துக்குக் கணக்கில் எடுக்கும் ஆட்டத்தின் அளவு கெட்டி மண்ணில் 1 என்றால் நடுத்தரத்தில் 1.36, இளகியதில் 1.67. ஆனால் 0.4 நொடி வரைக்கும் மூன்று மண்ணுக்கும் ஒரே தட்டைக் கோடுதான். விதிப்படி கட்டினோம் என்பதும் மண்ணைப் பார்த்துக் கட்டினோம் என்பதும் ஒன்றல்ல. உங்கள் இன்ஜினியரிடம் இதை நேராகவே கேட்கலாம், நல்லவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கிருந்து வரும் ஆட்டம் என்பதும் இதில் சேரும். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்தபோது சுமார் 1,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னையில் மாடி அலுவலகங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள், தரைவீட்டில் படுத்திருந்தவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் இருந்து வரும்போது வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோய், மெதுவான அலைகள்தான் மிஞ்சும். அவை உயரமான கட்டடத்தைத்தான் ஆட்டும். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்தது ஐந்தரை அளவுதான், ஆனால் கிட்டத்தில். அந்த வகை ஆட்டத்தில் வேகமான அதிர்வு நிறைய இருக்கும், சின்ன வீடுகளுக்கும் நடுத்தர அடுக்குமாடிகளுக்கும் அதுதான் எதிரி.

மணல் கூழாகும் இடங்கள்

கடலோரத்தில் இன்னொரு கவலை. தண்ணீரில் ஊறிய தளர்ந்த மணலை உலுக்கினால், மணல் இறுகப் பார்க்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காது, தண்ணீரே பாரத்தைத் தாங்க வேண்டி வரும், அந்த நேரத்தில் மண் மண்ணாக இல்லாமல் கூழாக நடந்துகொள்ளும். உள்ளங்கையில் பார்த்த பளபளப்பு இதன் சின்ன வடிவம்தான். ஜப்பானின் நீகாட்டாவில் 1964-ல் அடுக்குமாடிகள் உடையாமல், முழுசாக, அப்படியே சாய்ந்து படுத்தன.

சுத்தமான நுண்மணல், மேலாகவே தண்ணீர் மட்டம், மேல் 15 மீட்டருக்குள் என்-மதிப்பு 15-க்குக் கீழ், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அசட்டையாக விடாதீர்கள். மண்டலம் 3-க்கு ஐஎஸ் 1893 எதிர்பார்ப்பது 5 மீட்டர் ஆழம் வரை குறைந்தது 15, 10 மீட்டரிலும் அதற்குக் கீழும் 25. இல்லையென்றால் மண்ணை இறுக்க வேண்டும், அல்லது கெட்டி அடுக்கு வரை பைல், அதாவது ஆழமான அஸ்திவாரத் தூண், இறக்க வேண்டும். கோடையில் எடுத்த தண்ணீர் மட்டத்தை நம்பாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. காசிமேட்டுக்கு வடக்கே கல் கொட்டிக் கரை காத்துவைத்திருக்கும் பகுதிகளில் கல்லுக்குப் பின்னால் எதைப் போட்டு நிரப்பினார்கள் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். துறைமுகம் வந்து, வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைத் தடுத்ததில் இருந்து அந்தக் கரை கரைந்துகொண்டே இருக்கிறது.

பொருத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது

புதிதாகக் கட்டுபவர் மாடி எண்ணிக்கையை மாற்றலாம், காங்கிரீட் சுவர் சேர்த்து விறைப்பைக் கூட்டித் தாளத்தை வேகப்படுத்தலாம். பைல் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கு: பைல் கட்டடம் அமுங்காமல், சாயாமல் பார்த்துக்கொள்ளும், சுற்றியிருக்கும் மண் ஆடுவதை அது நிறுத்தாது. மேலே கட்டடம் ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டத்துக்கு ஏற்ற கம்பி வேலை வேண்டும். அந்தக் கம்பி வேலைக்கான விதிநூல் ஐஎஸ் 13920 மண்டலம் 3-க்கும் பொருந்தும். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் போய்த் தூணின் வளையங்களைப் பாருங்கள். வளையத்தின் முனை 90 டிகிரியில் மடங்கி வெளியில் நிற்கக் கூடாது, 135 டிகிரி மடங்கித் தூணின் உள்ளே நுழைந்திருக்க வேண்டும், பீமும் தூணும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். கம்பி கட்டுபவர் "இப்படித்தான் சார் வழக்கம்" என்பார். கான்கிரீட் விழுந்த பிறகு யாராலும் பார்க்க முடியாது, அதனால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு முதல் வேலை கீழ்த்தளம். எல்லாத் தளத்திலும் சுவர், கார் நிற்கும் தளத்தில் மட்டும் வெறும் தூண் என்றால் மொத்த ஆட்டமும் அந்தத் தூண்களில்தான் இறங்கும். கட்டமைப்புப் பொறியாளரை வைத்து அங்கே சில இடங்களில் காங்கிரீட் சுவரோ எஃகுக் குறுக்குச் சட்டமோ போடலாம், இரண்டு கார் நிறுத்தும் இடம் போகும், சங்கத்தில் சண்டை வரும், வரட்டும். பழைய கட்டடத்தின் மேல் "ஒரே ஒரு மாடி" ஏற்றுவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். எடை கூடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், தாளமும் மாறுகிறது என்பது தெரியாது. மேலே சொன்ன மனையில் மூன்று தளத்தோடு தப்பித்துக்கொண்டிருந்த வீடு நாலாவதும் ஐந்தாவதும் ஏறியதும் மண்ணோடு ஒத்துப்போய்விடும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளில் முதலில் கைப்பிடிச் சுவரையும், வாசலுக்கு மேல் நிற்கும் பூ வேலையையும் பாருங்கள், ஆட்டத்தில் தெருவில் ஓடுபவர் தலையில் விழுவது அதுதான்.

பிளாட் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையின் நகல், அஸ்திவாரம் என்ன வகை, எந்த மண் வகையென்று வைத்துக் கட்டமைப்புக் கணக்குப் போட்டார்கள், துளை எத்தனை மீட்டர் போனது, இதை மட்டும் கேளுங்கள். அறிக்கை இல்லை என்று கையை விரித்தால் பக்கத்தில் சமீபத்தில் கட்டியவர்கள் யாரிடமாவது இருக்கும், அதைப் பார்க்கலாம். ஆனால் ஓடையோ கால்வாயோ குறுக்கே போகிற தெருவாக இருந்தால் அடுத்த மனையின் அறிக்கையைக் கூட உங்களுடையதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சொந்தமாக ஒரு துளை போட்டுவிடுங்கள்.